மூட்டை இல்லாத நடை

போடிநாயக்கனூரில் ஏலக்காய் டீ கிடைக்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? பஸ் ஸ்டாண்டு பக்கம் மூன்று கடை ஏறி இறங்கினோம். இஞ்சி டீ உண்டு, சுக்குக் காபி உண்டு. "ஒரு ஏலக்காய் தட்டிப் போடுங்கண்ணே" என்று என் மனைவி கேட்டதற்கு, மூன்றாவது கடைக்காரர் சிரித்தபடி சொன்னார்: "அது வெளியூர் போறதும்மா. நமக்கு வாசனை மட்டும்தான்."

முதல் நாள் தேனியில் ஒரு கல்யாணம். மறுநாள் சும்மா கிடந்தது. கார் வேண்டாம், கைடு வேண்டாம், போடியைக் கால்நடையாகவே பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். கல்யாணமாகி 26 வருஷத்தில் நாங்கள் இருவரும் ஒரு ஊரில் வேலை எதுவும் இல்லாமல் நடந்தது இதுதான் முதல் தடவை என்பது பாதி வழியில்தான் உறைத்தது.

ரயில்வே ஸ்டேஷன் வரை போனோம். 1928-ல் வந்த ரயில் இது. 2010 கடைசியில் அகலப் பாதைக்காக நிறுத்தினார்கள். திரும்ப போடிக்கு வந்து சேர்ந்தது 2023 ஜூனில். அன்று எட்டாம் வகுப்பில் இருந்த பையன் இடையில் படிப்பு முடித்து, வேலை தேடி, கல்யாணமும் பண்ணியிருப்பான். அங்கிருந்து ஜமீன் அரண்மனைத் தெரு, சந்தை, அப்புறம் வாசனையைப் பிடித்துக்கொண்டே ஒரு ஏலக்காய் குடோன். உள்ளே வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து காம்பு கிள்ளி, வெடித்ததையும் சோடையையும் ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். சல்லடையில் சலித்து 'எட்டு எம்.எம்.', 'ஏழு எம்.எம்.' என்று பெருவெட்டு, சிறுவெட்டாகப் பிரிக்கிறார்கள். ஏலம் முன்பெல்லாம் கூவித்தான் நடந்தது. 2007-லிருந்து கம்ப்யூட்டரில். 2019 ஆகஸ்டில் மலைக்கு அந்தப் பக்கம் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அந்த வருஷம் கிள்ளிய கைக்கு எவ்வளவு கூடியது என்று ஒரு அம்மாவிடம் கேட்டேன். "நீங்க எந்தப் பத்திரிகை?" என்று திருப்பிக் கேட்டார். பேச்சு அத்தோடு முடிந்தது.

இந்த இடத்தில்தான் எங்களுக்குள் சினிமாச் சண்டை ஆரம்பித்தது.

குரங்கணி போகலாமா என்று கேட்டதற்கு ஒரு ஆட்டோ டிரைவர், "மைனா படம் எடுத்த எடம் சார்" என்றார். பிரபு சாலமன் இயக்கி 2010-ல் வந்த படம். சுகுமாரின் ஒளிப்பதிவில் இந்தச் சரிவு அன்றைக்குத் தமிழ்நாட்டையே கிறங்க வைத்தது உண்மை. அந்த பஸ் பள்ளத்தில் தொங்கும் காட்சி, தம்பி ராமையாவின் நடிப்பு (தேசிய விருதே கிடைத்தது) எதையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஊருக்குள் காலையில் நாலு மணி நேரம் நடந்த பிறகு அந்தப் படத்தை நினைத்துப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. அதில் எல்லோரும் நடந்துகொண்டே இருக்கிறார்கள். சுருளியும் மைனாவும் நடக்கிறார்கள், துரத்தும் போலீசும் நடக்கிறார்கள். யார் தலையிலும் ஒரு சுமை கிடையாது. அந்தச் சரிவில் என்ன விளைகிறது, யாருக்கு விளைகிறது என்று படம் முழுக்கப் பார்த்தாலும் தெரியாது. ஒரு காதல் ஜோடி ஓடுவதற்குத் தோதான பச்சைத் திரை. அவ்வளவுதான்.

"காதல் படத்துல ஏலக்காய் கணக்கா கேப்பீங்க?" என்றாள் மனைவி. அவளுக்கு மைனா பிடிக்கும்.

எனக்கு லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை'. 2018 ஆகஸ்டில் வந்தது. விஜய் சேதுபதி தயாரித்தும் அவர் அதில் நடிக்கவில்லை. அதுவே பெரிய காரியம். ரங்கசாமி என்கிற சுமைகூலி, மலைமேல் எஸ்டேட்டிலிருந்து ஏலக்காய் மூட்டையை முதுகில் சுமந்து இறங்குகிறான். காணி நிலம் வாங்க வேண்டும், அதுதான் ஆசை. படத்தின் முதல் பகுதி முழுக்க ஏறுவதும் இறங்குவதும்தான். கதை எங்கே என்று தியேட்டரில் பக்கத்து சீட்காரர் முனகினார். கதை அந்த நடையில்தான் இருந்தது. எங்கே மூச்சு வாங்கும், எங்கே மூட்டையை இறக்கி வைக்கலாம், யார் டீ கொடுப்பார்கள் என்று கால் அறிந்த மலையைக் காட்டுகிறார் தேனி ஈஸ்வர். இதே மலைத்தொடரின் அடியில் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா பல இடங்களில் வாசிக்காமல் விட்டிருக்கிறார். வாசித்திருந்தால் மூச்சிரைப்பு காதில் விழுந்திருக்காது.

ஆசையோடு சேர்த்த ஏலக்காய் மூட்டை பள்ளத்தில் உருண்டு சிதறும் காட்சி வருமே, அதில் யாரும் அலறுவதில்லை. பச்சையாகப் பறித்த காய் ஏறக்குறைய அஞ்சு கிலோவைக் காயவைத்தால்தான் ஒரு கிலோ ஏலக்காய். எத்தனை பேர் கை பட்டது அந்த மூட்டை என்று குடோனைப் பார்த்தபின்தான் எனக்கே முழுசாகப் புரிந்தது.

இந்தச் சுமைக்கு ஒரு பழைய சரித்திரமும் உண்டு. வெள்ளைக்காரன் மூணாறு தேயிலையைக் குட்டி ரயிலில் டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறக்கி, போடிக்கு வண்டி கட்டினான். 1924 வெள்ளம், மலையாளிகள் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்பார்களே, அது அந்த ரயிலைத் துடைத்துப் போட்டது. அது திரும்ப வரவேயில்லை. இன்றும் தேர்தல் வந்தால் குதிரை முதுகில் ஓட்டு எந்திரம் போகிற கிராமங்கள் இந்தப் பக்கம் உண்டு. லெனின் பாரதி இதையெல்லாம் வசனமாகச் சொல்லவில்லை. ஒரு முதுகைக் காட்டினார்.

ஆனால் மனைவி ஒரு கேள்வி கேட்டாள். கொட்டகுடி ஆற்றுப் பாலத்தில் நின்று முறுக்கு தின்றுகொண்டே கேட்டாள். "ரங்கசாமி ஜெயிலுக்குப் போனப்புறம் அந்தப் பொண்ணு ஈஸ்வரி என்ன பண்ணினா?"

நிலத்தைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், கடன் ஏறியது என்றேன்.

"அது எனக்கும் தெரியும். எத்தனை நிமிஷம் காட்டினாங்க?"

யோசித்துப் பார்த்தேன். அவள் சொல்வது சரி. ஆண் நடந்ததை நிதானமாக, அடி அடியாகக் காட்டிய படம், பெண் தனியாக நின்ற வருஷங்களை நாலு துண்டுக் காட்சியில் தள்ளிவிட்டு ஓடுகிறது. சங்கம், கொலை, ஜெயில், உரக்கடைக் கடன் எல்லாம் பிற்பகுதியில் செய்தித்தாள் தலைப்பு மாதிரி அடுத்தடுத்து விழுகின்றன. முதல் பாதியில் இருந்த பொறுமை எங்கே போனது? இத்தனைக்கும் விதை வாங்கியதும் கடன்பட்டதும் அவள் கை வழியாக. நிலம் நழுவியது எப்படி என்கிற கதையே ஈஸ்வரியிடம்தான் இருந்தது. டைரக்டர் அதைக் கேட்கவில்லை. நானும் எட்டு வருஷமாக இந்தப் படத்தைப் பாராட்டிப் பேசுகிறேன், கேட்கவில்லை.

கடைசி ஷாட்டில் மட்டும் இருவருக்கும் ஒத்துப்போனது. தன்னுடையதாக இருந்த நிலத்தில் காற்றாலைக்குக் காவல்காரனாக ரங்கசாமி. கேமரா மேலே மேலே போக, அவன் புள்ளியாகிறான். படம் பூரா நடந்த மனுஷன்.

மத்தியானம் குரங்கணி போனோம். அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் இப்போது மைனாவுக்கு முன்னால் வேறொன்று ஞாபகம் வருகிறது. 2018 மார்ச் 11. மலையேறி இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத் தீ வளைத்துக்கொண்டதில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்தவர்கள். எங்களைப் போல சும்மா நடக்க வந்தவர்கள். புதுசாகக் கல்யாணமானவர்களும் அதில் இருந்தார்கள். ரங்கசாமியின் படம் தியேட்டருக்கு வந்தது அதே வருஷம், அஞ்சு மாசம் கழித்து. இப்போது வனத்துறையே 2024-லிருந்து ஆன்லைனில் பதிவு செய்து, வழிகாட்டியோடு சில பாதைகளில் அழைத்துப்போகிறது. நாங்கள் மேலே ஏறவில்லை. தார் ரோடு முடிகிற இடம் வரை நடந்து, ஒரு கல்லில் உட்கார்ந்து, காய்ந்த போதைப்புல் சரிவைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அவள் செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ரெண்டு பேரும் அதிகம் பேசவில்லை.

சாயங்காலம் போடியில் தேனி பஸ்ஸுக்கு நிற்கும்போது, மலையிலிருந்து ஜீப்புகள் வர ஆரம்பித்தன. விடியுமுன் எஸ்டேட்டுக்குப் போன பெண்கள். ஒரு ஜீப்பிலிருந்து பதினாலு பேர் வரை எண்ணினாள் மனைவி, அப்புறம் விட்டுவிட்டாள். கடைசியாக இறங்கிய ஒரு வயசான அம்மா, தூக்குச்சட்டியோடு எங்கள் பக்கத்தில் திண்டில் உட்கார்ந்தார். அவர் சேலையில் ஏலக்காய் வாசனை.

"வெளியூரா தாயி?"

"ஆமாம்மா. குரங்கணி போயிட்டு வந்தோம்."

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்லம்மா. சும்மா நடந்து பாக்கப் போனோம்."

அவர் என் மனைவியின் காலைப் பார்த்தார். குதிகாலில் செருப்பு கடித்த இடத்தில் தோல் உரிந்திருந்தது. "சும்மாவா?" என்று சொல்லிவிட்டு, தூக்குச்சட்டியைத் திறந்து மிச்சமிருந்த தண்ணீரை அந்தக் காயத்தில் ஊற்றினார். எங்கள் பஸ் வந்துவிட்டது.