சோதனைத் தாங்கியைக் கழித்தல்: நெட்வொர்க் அனலைசர் அளவீடுகள் குறித்த ஒரு விமர்சனம்

தென்காசிக்குப் பக்கத்திலுள்ள பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டையை நிறுத்தபின் சாக்கின் எடையைக் கழிப்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. நெட்வொர்க் அனலைசர் அளவீட்டில், பொருளைப் பிடித்திருக்கும் சோதனைத் தாங்கியின் விளைவை நீக்குவதையும் இப்படிப்பட்ட கழித்தலாகவே விளக்குவதுண்டு. தொடக்கத்துக்கு அந்த உவமை போதும். அதிலேயே நின்றுவிடும் மாணவர் தவறான விடையை நம்பிக்கையோடு எழுதுவார்.

பெயரைக் கேட்டு இது கணினி வலையமைப்பைச் சோதிக்கும் கருவி என்று எண்ணிவிடக் கூடாது. வடிகட்டி, ஆன்டெனா போன்ற மின்சுற்றுகளுக்குள் உயர் அதிர்வெண் அலையை அனுப்பி, எவ்வளவு திரும்பியது, எவ்வளவு கடந்தது, கட்டம் எவ்வளவு மாறியது என்று அளக்கும் கருவி இது. 2019-க்குப் பின் பரவலான நானோ விஎன்ஏ வந்ததால், பெரிய ஆய்வகம் இல்லாத ஊர் மாணவருக்கும் இது கைக்கு எட்டியிருக்கிறது.

சிக்கல் அளவுத்திருத்தம் முடியும் இடத்தில் தொடங்குகிறது. திறந்த முனை, குறுக்கிணைப்பு, 50 ஓம் சுமை ஆகிய மூன்றையும் வைத்துத் திருத்தும்போது கேபிள் முனை வரைதான் கருவி தன் பிழையை அறிகிறது. அளக்க வேண்டிய பொருளோ அதற்கு அப்பால், பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. இடையிலுள்ள தடத்தின் பயனுறு ஒப்புமை விடுதிறன் 3.3 எனக் கொண்டால், 10 மி.மீ. நீளம் எதிரொளிப்பின் கட்டத்தை 433 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 19 டிகிரியும், 2.4 கிகாஹெர்ட்ஸில் 105 டிகிரியும் திருப்பிவிடும். தடம் 17 மி.மீ. ஆனால் இன்னும் வேடிக்கை: 2.4 கிகாஹெர்ட்ஸில் அது கால் அலைநீளம். முனையில் குறுக்கிணைப்பு இருந்தாலும் கருவிக்குத் திறந்த சுற்றாகவே தோன்றும்.

இங்கே வெறும் கழித்தல் ஏன் உதவாது? சாக்கும் காயும் ஒன்றின் எடையை ஒன்று மாற்றுவதில்லை. தாங்கியும் பொருளும் அப்படியல்ல. அலை இரண்டுக்குமிடையே பலமுறை மோதித் திரும்புகிறது. அதனால் டெசிபெல் எண்களைக் கழித்தால் கணக்கு சரிவராது. இடத் தாங்கி, பொருள், வலத் தாங்கி ஆகிய மூன்றையும் அணிகளாக எழுதி, மொத்த அளவீட்டை இடப்பக்கம் இடத் தாங்கியின் நேர்மாறு அணியாலும், வலப்பக்கம் வலத் தாங்கியின் நேர்மாறு அணியாலும் பெருக்க வேண்டும். வரிசை மாறினால் விடையும் மாறும்.

கணிதம் துல்லியமானது. குறை இருப்பது தாங்கியின் அணி எங்கிருந்து கிடைக்கிறது என்பதில்தான். முனை நீட்டிப்பு என்ற எளிய முறை, தாங்கியை இழப்பற்ற 50 ஓம் தடம் என்றே வைத்துக்கொள்கிறது. மேலே சொன்ன 10 மி.மீ. தடத்துக்கு ஒருவழித் தாமதமாக ஏறத்தாழ 60 பிக்கோவினாடி கொடுத்தால் வேலை முடிந்தது. முரட்டு முறைதான், ஆனால் எதை விட்டுவிடுகிறது என்பது வெளிப்படையாகத் தெரிகிறது. ஐஇஇஇ 370 தரம் (2020) விவரிக்கும் இரட்டைத் தடமுறை மேலானது: பொருளில்லாமல் இரு பாதித் தாங்கிகளையும் சேர்த்து அளந்து, கணக்கால் இரண்டாகப் பிரிக்கிறது. ஆனால் தனியே அளந்த அந்தத் தடமும் பொருள் ஏறியுள்ள தாங்கியும் ஒரே தன்மையுடையவை என்று அது நம்புகிறது. மலிவான எஃப்ஆர்4 பலகையில் கண்ணாடி இழைப் பின்னலே இடத்துக்கு இடம் வேறுபடும். எங்கனும், ஹோயரும் 1979-இல் வெளியிட்ட டிஆர்எல் முறை தாங்கியை அளவுத்திருத்தத்துக்குள்ளேயே கொண்டுவருவதால் இவற்றில் வலுவானது. அதற்கும் விலையுண்டு: தடத்தின் சிறப்பு மின்மறுப்பைத் தெரிந்திருக்க வேண்டும், ஒரு தடம் ஏறத்தாழ 8 மடங்கு அதிர்வெண் வீச்சுக்கு மேல் தாங்காது.

மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் அழகான வளைகோடு வந்துவிடுகிறது. அனுமானம் பிழைத்ததை அந்தக் கோடு சொல்வதில்லை. செயலற்ற சுற்று ஒன்றில் எதிரொளிப்பு 1-ஐத் தாண்டினால் எங்கோ தவறு என்று பிடித்துவிடலாம். தாண்டாத தவறுகளைப் பிடிக்க, விடை முன்பே தெரிந்த ஒரு மின்தடையை அதே தாங்கியில் வைத்து அளந்து பார்ப்பதே வழி. பல ஆய்வகக் குறிப்பேடுகளில் இல்லாத வரி இது.

குற்றாலச் சாரல் காலத்தில் இந்த அனுமானம் இன்னொரு பக்கமும் இடறும். நனைந்த சாக்கின் எடை காய்ந்த சாக்கின் எடையல்ல. நீரின் ஒப்புமை விடுதிறன் ஏறத்தாழ 80. பலகையினுடையது 4-ஐ ஒட்டியது. ஈரக்காற்றில் நாள்கணக்கில் கிடக்கும் பலகை சிறிதளவு நீரை உறிஞ்சும். மேலே படியும் மெல்லிய ஈரமும் தடத்தின் வேகத்தையும் இழப்பையும் மாற்றும். மார்ச் மாதத்தில் சேமித்த தாங்கிக் கோப்பை ஜூலையில் பயன்படுத்தினால், கழிக்கப்படுவது மேசையில் இருக்கும் தாங்கியல்ல. பலகையை உலர்த்திவிட்டு, பொருளை அளக்கும் அன்றே தடத்தையும் மறுபடி அளக்க வேண்டும். கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகலாம்.