கேட்டதும் தேவைப்பட்டதும்

கேமை வாங்கி விளையாடி முடிப்பதோடு நிற்காமல், அதற்குள் புதிய மேப்புகளையும் கதைகளையும் கட்டுகிறவர்கள் மோடர்கள். அவர்களுக்கு வேண்டிய எடிட்டரை நிறுவனமே கையில் கொடுக்கும் வழக்கத்தில் 2002 முக்கியமான ஆண்டு. அந்த மே மாதம் பெதஸ்டாவின் ‘மோரோவிண்ட்’, ‘கன்ஸ்ட்ரக்‌ஷன் செட்’ என்ற எடிட்டரைத் தன்னுடனேயே கொண்டுவந்தது. ஜூலையில் பிளிசார்டின் ‘வார்கிராஃப்ட் 3’ வெளிவந்தபோது ‘வேர்ல்ட் எடிட்டர்’ கூடவே வந்தது. எடிட்டர் வந்த நாளிலிருந்து அதைப் பற்றிய கோரிக்கைகளும் வரத் தொடங்கிவிடுகின்றன. இந்த வசதி வேண்டும், அந்த வரம்பை நீக்க வேண்டும் என்று பயனர்கள் எழுதுகிறார்கள். மற்றவர்கள் ஆதரவு தெரிவிக்கிறார்கள். உருவாக்குநர்கள் அதிக ஆதரவு பெற்றதிலிருந்து தொடங்கி முடிந்தவரை செய்து தருகிறார்கள். பார்வைக்கு இதைவிட நியாயமான முறை கிடையாது. ஆனால் இந்தப் பட்டியலை மட்டும் வைத்து ஓர் எடிட்டரை வளர்த்தால் அது தவறான திசையில் வளரும் என்பது என் கருத்து. பயனர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதைவிட, கேட்டது கிடைக்காதபோது என்ன செய்துகொள்கிறார்கள் என்பதே நம்பத்தக்க சாட்சி.

இந்தக் கோரிக்கை முறையின் நன்மையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நிறுவனத்துக்குள் இருப்பவர் எடிட்டரைத் தன் கேமை முடிப்பதற்காகப் பயன்படுத்துகிறார். வெளியே இருப்பவர் அந்தக் கேம் கனவிலும் நினைக்காத ஒன்றைச் செய்யப் பயன்படுத்துகிறார். எந்தச் சுவரில் போய் முட்டுவார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். வார்கிராஃப்ட் 3-இல் ஒரு மேப்பில் அதிகபட்சம் 12 பேர்தான் விளையாட முடியும் என்ற வரம்பு, 2018-இல் வந்த 1.29 அப்டேட்டில் 24 ஆக உயர்ந்தது. அடுத்த ஆண்டு 1.31 அப்டேட்டில் லுவா மொழியில் ஸ்கிரிப்ட் எழுதும் வசதியும் வந்தது. வெளிவந்து பதினைந்து ஆண்டுகள் கடந்த ஒரு கேமுக்கு இத்தகைய அப்டேட்டுகள் கிடைத்தன என்றால், விடாமல் மேப் கட்டிக்கொண்டும் விடாமல் கேட்டுக்கொண்டும் ஒரு கூட்டம் இருந்ததே காரணம். கேட்பது வீண் என்று யாரும் சொல்ல முடியாது. கேட்டதை எப்படிப் படிப்பது என்பதில்தான் சிக்கல்.

அந்தச் சிக்கலை மிகத் தெளிவாகக் காட்டும் நிகழ்வும் இதே வேர்ல்ட் எடிட்டரின் வரலாற்றில் இருக்கிறது. அந்த எடிட்டரின் ஸ்கிரிப்ட் மொழிக்கு ‘ஜாஸ்’ என்று பெயர். ஒரு மேப் ஆசிரியர் விஷ அம்பு ஒன்றைச் செய்ய நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அம்பு பட்ட படைவீரன்மேல் எய்தவன் யார், இன்னும் எத்தனை விநாடி விஷம் ஏறும், விநாடிக்கு எவ்வளவு சேதம் என்ற மூன்று விவரங்களை ஏற்றி வைக்க வேண்டும். எடிட்டர் ஒரு யூனிட்டுக்கு, அதாவது இத்தகைய ஒரு படைவீரனுக்கு, ஒரே ஓர் எண்ணை ஒட்டி வைக்கத்தான் இடம் கொடுத்தது. ஒரே மேப்பில் இரண்டு ஆசிரியர்களின் ஸ்கிரிப்டுகள் அந்த ஒற்றை இடத்தைப் பயன்படுத்தினால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். டைமருக்கு அந்த ஓர் இடமும் கிடையாது. இந்த நெருக்கடியில் பயனர்கள் ஜாஸ் மொழியில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். ஒரு ஃபங்ஷன் எண்ணைத் திருப்பித் தர வேண்டும் என்றால், அதன் கடைசி ரிட்டர்ன் வரி எண்ணாக இருக்கிறதா என்பதை மட்டுமே கம்பைலர் சோதித்தது. ஆகவே முதல் வரியில் யூனிட்டைத் திருப்பித் தந்துவிட்டு, ஒருபோதும் எட்டப்படாத இரண்டாம் வரியில் பூஜ்யத்தைத் திருப்பித் தருவதாக எழுதினால், கம்பைலர் ஆட்சேபிக்காது. யூனிட்டின் உள் அடையாள எண் கையில் கிடைத்துவிடும். அந்த எண்ணை எழுத்துச் சரமாக்கி, ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நாயகனைக் கொண்டுபோவதற்காக இருந்த ‘கேம் கேஷ்’ என்ற சேமிப்பில் பெயர்ச்சீட்டாக ஒட்டினார்கள். அதன்கீழ் வேண்டிய விவரங்களை எல்லாம் அடுக்கினார்கள். ஓர் ஓட்டையையும் வேறு வேலைக்காக வைத்த ஒரு சேமிப்பையும் இணைத்து, எடிட்டரில் இல்லாத ஒரு தரவுத்தளத்தைக் கட்டிவிட்டார்கள். ‘ரிட்டர்ன் பக்’ என்று பெயர் பெற்ற இந்த உத்தி எண்ணற்ற மேப்புகளுக்குள் புகுந்தது.

இந்தக் கட்டத்தில் மேப் ஆசிரியர்களிடம் வாக்கெடுப்பு நடந்திருந்தால் எந்தக் கோரிக்கை முதலிடத்தில் வந்திருக்கும்? இந்தப் பக்கைச் சரிசெய்துவிடாதீர்கள் என்பதுதான். அவர்கள் நிலையில் அது முற்றிலும் நியாயம். உழைப்பு அனைத்தும் அதன்மேல்தான் நின்றது. ஆனால் அதே ஓட்டை வேறொன்றுக்கும் வழிவிட்டது. தீய நோக்கமுள்ள ஒரு மேப், விளையாடுபவரின் கணினியில் தான் விரும்பிய நிரலை ஓட்டிவிட முடியும். ஆன்லைனில் ஓர் ஆட்டத்தில் சேரும்போது மேப் தானாகவே இறங்கிக்கொள்ளும் கேம் அது என்பதை நினைத்தால் ஆபத்தின் அளவு புரியும். 2009-இல் 1.24 அப்டேட்டில் பிளிசார்ட் ஓட்டையை அடைத்தது. அடைத்ததோடு நிற்கவில்லை. எந்தப் பொருளின் அடையாள எண்ணையும் நேரடியாகத் தரும் ஒரு ஃபங்ஷனையும், ‘ஹாஷ்டேபிள்’ என்ற சேமிப்பு முறையையும் அதே அப்டேட்டில் சேர்த்தது. பயனர்கள் சுற்றுவழியில் கட்டியதை நேர்வழியில் கொடுத்தது. கோரிக்கை என்ன சொன்னதோ அதற்கு நேர்மாறானதைச் செய்து, கோரிக்கைக்கு அடியில் இருந்த தேவையை நிறைவேற்றிய முடிவு இது. மருந்துக் கடையில் நோயைச் சொல்லாமல் மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கேட்பவருக்கு என்ன செய்ய வேண்டுமோ, அது இங்கே நடந்தது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. சுற்றுவழிகளைச் சாட்சியாக மதிக்கத் தொடங்கினால் ஓட்டைகளைச் சுரண்டுவதற்கு ஊக்கம் கொடுத்ததாகாதா? மேலும் 1.24 அப்டேட்டால் பழைய மேப்புகள் பல இயங்காமல் போயின. அவற்றைத் திருத்தி எழுத ஆசிரியர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மற்றவர்கள் திருடாமல் இருக்கப் பூட்டி வெளியிடப்பட்ட மேப்பை எடிட்டரில் திறக்கவும் முடியாது. இந்த இழப்பு உண்மையானது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் இழப்புக்குக் காரணம் சுற்றுவழியைக் கவனித்தது அன்று, தாமதமாகக் கவனித்தது. ஒரு யூனிட்டோடு விவரங்களை இணைக்க வேண்டிய தேவை தொடக்க ஆண்டுகளிலேயே கண்ணுக்குத் தெரிந்தது. அப்போதே நேர்வழி கிடைத்திருந்தால், ஓட்டையின்மேல் இத்தனை மேப்புகள் எழும்பியிருக்காது. சுற்றுவழி பரவும் வேகமே தேவையின் அவசரத்தைச் சொல்லும் அளவுகோல். அதைப் பார்த்தும் காத்திருப்பதுதான் ஓட்டையை வளர்ப்பது.

பயனர்கள் செய்துகொண்டவற்றில் ரிட்டர்ன் பக் ஒன்று மட்டுமே. ஜாஸின் போதாமையைத் தாண்ட ‘வி-ஜாஸ்’ என்ற விரிவாக்க மொழியைப் பயனர்களே எழுதினார்கள். பிற்காலத்தில் அதன் கம்பைலர் அதிகாரபூர்வ எடிட்டருக்குள்ளேயே இடம்பெற்றது. பெதஸ்டாவின் பக்கம் போனால் ‘எக்ஸ்-எடிட்’ இருக்கிறது. எடிட்டரில் ஏதோ ஒரு பொருளைத் தெரியாமல் தொட்டாலே அது மாற்றமாகப் பதிவாகி மோடுக்குள் ஒட்டிக்கொள்ளும். தேவையில்லாத அந்தப் பதிவுகளைக் கண்டுபிடித்து நீக்கும் கருவி எக்ஸ்-எடிட். ‘ஸ்கைரிம்’ கேமின் அதிகாரபூர்வ விரிவாக்கங்களைத் திறந்து பார்த்தபோது அவற்றிலும் இதே குப்பை கிடந்தது. நிறுவனத்தின் சொந்த ஊழியர்களுக்கே எடிட்டர் இடறல் கொடுத்திருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான பின்னூட்டம் வேண்டுமா?

அதே ஸ்கைரிமின் ‘கிரியேஷன் கிட்’ எடிட்டர் 2012 பிப்ரவரியில் வந்தது. பின்னால் ‘டான்கார்ட்’, ‘டிராகன்பார்ன்’ போன்ற அதிகாரபூர்வ விரிவாக்கங்கள் வந்தன. மூலக் கேமையும் இவற்றையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்துத் திறக்கப் பார்த்தால், ஒன்றுக்கு மேற்பட்ட மாஸ்டர் கோப்புகளை ஏற்ற முடியாது என்று எடிட்டர் மறுத்துவிடும். எடிட்டர் இருக்கும் ஃபோல்டரில் உள்ள அமைப்புக் கோப்பை நோட்பேடில் திறந்து, ஒரு வரியைச் சேர்த்து அதன் மதிப்பை 1 என்று வைத்தால் மறுக்காது. அனுபவசாலிகளுக்கு இது ஒரு நிமிட வேலை. ஒருமுறை செய்துவிட்டால் மறந்துபோகும். ஆகவே அவர்கள் இதை ஒரு குறையாகத் தொடர்ந்து எழுதப் போவதில்லை. புதிதாக வருபவர் இந்த மறுப்பைப் பார்த்ததும் தனக்கு இது வராது என்று மூடிவிட்டுப் போய்விடுவார். போனவர் கோரிக்கை எழுதமாட்டார். கோரிக்கைப் பட்டியல் எப்போதும் தங்கிவிட்டவர்களின் குரல். தங்கிவிட்டவர்கள் முதல் வாசலின் தடைகளை ஏற்கெனவே கடந்தவர்கள் என்பதால், வாசலைச் சீராக்கும் வேலைக்கு அந்தப் பட்டியலில் இடமே கிடைப்பதில்லை. எடிட்டர்கள் ஆண்டுக்கு ஆண்டு ஆற்றல் கூடியும் புதியவருக்கு அச்சம் தருவதாகவே இருப்பதற்கு இதை முதன்மைக் காரணமாக நினைக்கிறேன்.

வசதியைக் கேட்பவர் ஒருவர், அதற்கு விலை கொடுப்பவர் வேறொருவர் என்ற நிலையும் உண்டு. வார்கிராஃப்ட் 3-இல் பலர் சேர்ந்து விளையாடும் மேப் 4 எம்.பி.க்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பு முதலில் இருந்தது, பிறகு 8 ஆனது. சொந்த மாடல்களும் இசையும் சேர்க்க விரும்பிய ஆசிரியர்களுக்கு இந்த வரம்பு கழுத்தைப் பிடித்தது. ஆனால் அந்த மேப்பை ஆட்டம் நடத்துபவரின் கணினியிலிருந்து மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டு காத்திருந்தவர்கள் விளையாடுபவர்கள். எடிட்டரின் கோரிக்கைப் பட்டியலில் அவர்கள் கையெழுத்து இல்லை. வாக்கு எண்ணிக்கையும் இதே பிழையைச் செய்கிறது. எழுத்துகளை முறைப்படி கோத்துக் காட்டத் தெரியாத கேம் எஞ்சின்களில் ‘கெ’ என்று தட்டினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் விழும். தமிழில் கேம் செய்ய நினைப்பவருக்கு இது முழுத் தடை. மற்றவர்களுக்குக் கண்ணில் படாத விஷயம். வாக்குக்கு விட்டால் இது எந்நாளும் மேலே வராது. கோடோ எஞ்சின் 2023 மார்ச்சில் வந்த 4.0 பதிப்பில் எழுத்துகளைக் கோக்கும் முறையை அடித்தளத்திலிருந்தே மாற்றியதால் அரபிக்கும் இந்திய மொழிகளுக்கும் ஒருசேர வழி பிறந்தது. தலைகளை எண்ணியிருந்தால் பிறந்திருக்காது.

இவை எல்லாவற்றையும்விட ஆழமான குறை ஒன்று இருக்கிறது. இருப்பதை எடுத்துவிடாதீர்கள் என்று யாரும் கோரிக்கை எழுதுவதில்லை. கையில் இருப்பது போகும் என்று யார் நினைப்பார்கள்? 2020 ஜனவரியில் ‘வார்கிராஃப்ட் 3: ரீஃபோர்ஜ்ட்’ வந்தபோது, பயனர்கள் உருவாக்கிய தொடர்கதைகளைத் தேர்ந்தெடுத்து விளையாடும் பட்டி அதில் இல்லை. ஒரு மேப் முடிந்ததும் அடுத்த மேப்புக்கு நாயகனைக் கொண்டுபோகும் நீண்ட கதைகளை எத்தனையோ பேர் தனியாக உட்கார்ந்து கட்டியிருந்தார்கள், இன்னும் எத்தனையோ பேர் தனியாக உட்கார்ந்து விளையாடினார்கள். சத்தமில்லாத கூட்டம் அது. எடிட்டரில் தொடர்கதை கட்டும் வசதி இருந்தும் அதை ஓட்டும் வாசல் மூடப்பட்டது. அது திரும்ப வர ஆண்டுகள் ஆயின. அதே சமயத்தில், பயனர் உருவாக்கும் கேம்கள் பிளிசார்டின் சொத்து என்று சொல்லும் விதிமுறையும் வந்தது. வேர்ல்ட் எடிட்டரில் பிறந்த ‘டோட்டா’ வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போய்ப் பெரும் வெற்றி பெற்றதன் வடு அதில் தெரிகிறது. நிறுவனத்தின் அச்சம் புரிகிறது, ஆனால் விளைவு மோசமானது. தன் படைப்பு தனக்குச் சொந்தமில்லை என்று அறிந்தவர், அந்தக் கருவியை மேம்படுத்த எதற்காக உழைத்துப் பின்னூட்டம் எழுத வேண்டும்?

இங்கே இன்னொரு மறுப்பையும் எதிர்கொள்ள வேண்டும். சிறிய குழு ஒன்று எல்லோருடைய சுற்றுவழிகளையும் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்க முடியாது, பட்டியலும் வாக்கும் குறைந்த செலவில் கிடைக்கும் வழிகாட்டி என்பார்கள். பயனர் கட்டும் கருவிகளைப் போற்றுவது நிறுவனம் செய்ய வேண்டிய வேலையை இலவசமாக வாங்கிக்கொள்ளும் தந்திரம் என்றும் சொல்வார்கள். இரண்டாவது குற்றச்சாட்டில் முழு நியாயம் இருக்கிறது. அதனால்தான் பயனரின் சுற்றுவழியைக் கவனித்தால் மட்டும் போதாது, அதை எடிட்டருக்குள் கொண்டுவந்து பராமரிக்கும் பொறுப்பை நிறுவனம் ஏற்க வேண்டும் என்கிறேன். ஏற்க மனமில்லையென்றால் மூலநிரலைத் திறந்துவிட வேண்டும். ‘டூம் பில்டர்’ எடிட்டரின் மூலநிரல் திறந்திருந்ததால், முதல் ஆசிரியர் விலகிய பிறகும் வேறு கைகளில் ‘ஜி.இசட். டூம் பில்டர்’, ‘அல்டிமேட் டூம் பில்டர்’ என்று தொடர்ந்தது. 1993-இல் வந்த ‘டூம்’ கேமுக்கு இன்றும் மேப் கட்ட முடிகிறது. முதல் குற்றச்சாட்டுக்குப் பதில் எளிது: பரவலான சுற்றுவழிகள் ஒளிந்து கிடப்பதில்லை. எந்தத் துணைக்கருவியை எல்லோரும் முதல் நாளே நிறுவிக்கொள்கிறார்கள், எந்த வழிகாட்டிக் குறிப்பின் முதல் பத்தி எந்த அமைப்பை மாற்றச் சொல்கிறது என்று பார்த்தால் போதும். ஆயிரம் கோரிக்கைகளைப் படித்து வகைப்படுத்துவதைவிட இது குறைந்த வேலை.

கேட்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அடுத்த முறை ஓர் எடிட்டருக்குக் கோரிக்கை எழுதும்போது, வேண்டிய வசதியின் பெயரோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். என்ன கட்ட முயன்றீர்கள், எந்த இடத்தில் நின்றீர்கள், இப்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்ற மூன்றையும் எழுதுங்கள்; முடிந்தால் அந்த மேப் கோப்பையே இணைத்து அனுப்புங்கள். தினமும் பயன்படுத்தும் வசதி எது, அது போனால் எந்த வேலை நின்றுபோகும் என்பதையும் கேட்காமலே சொல்லி வையுங்கள்.