முதல் மூவ்மென்ட்டும் சுருதிப் பெட்டியும்

இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறியது. அதற்குப் பிறகு மதுரையில் நான் கேட்ட பேச்செல்லாம் பண்ணைப்புரத்திலிருந்து அவர் போன தூரத்தைப் பற்றி, எத்தனை நாளில் எழுதினார் என்பதைப் பற்றி. நம்ம பக்கத்துக்காரர் என்ற பெருமை எனக்கும் உண்டு. ஆனால் அவர் கையாண்ட வடிவத்தின் கதை தெரியாவிட்டால் நாம் கைதட்டுவது செய்திக்குத்தான்.

1730-களில் மிலானில் சம்மார்த்தினி எழுதிய சிம்பொனிகளின் முதல் மூவ்மென்ட் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அன்றைய பொது வழக்கில் அதற்கு இரண்டு பாதி. முதல் பாதி ஆதார சுருதியில் தொடங்கி, பெரும்பாலும் அதன் பஞ்சமத்தைப் புது ஷட்ஜமாக்கிக்கொண்டு நிற்கும். இரண்டாம் பாதி வீடு திரும்பும். சொனாட்டா வடிவத்தின் விதை இது.

நம் காதுக்குச் சிக்கலும் இங்கேதான். கச்சேரியில் தம்புரா நகராது. மதுரை மணி ஐயர் கல்பனாஸ்வரம் பாடும்போது நாம் எடுப்புக்காகக் காத்திருக்கிறோம். அது தாளத்தில் ஓர் இடம். சிம்பொனியில் சுருதிக்காகக் காத்திருக்க வேண்டும்.

1795-ல், அதே லண்டனில் அரங்கேறிய ஹைடனின் 104-வது சிம்பொனியைக் கேளுங்கள். இரண்டு கட்டையில் ஒரு மெட்டு. கொஞ்ச நேரத்தில் அதே மெட்டு ஆறு கட்டையில். "பாடுனதையே பாடுறாரே" என்று தோன்றும். மெட்டு அதேதான், நிற்கிற இடம் வேறு. தேர் மாசி வீதியைச் சுற்றுகிறது. நிலைக்கு வந்துவிடும் என்பதில் ஹைடனுக்குச் சந்தேகமே இல்லை.

பீத்தோவன் அந்த நம்பிக்கையை ஆட்டிவைத்தார். 1805-ல் வியன்னாவில் பொது அரங்குக்கு வந்த மூன்றாவது சிம்பொனியின் சுருதி இரண்டரை கட்டை. தொடங்கிய சில நொடிகளிலேயே செல்லோ அந்த ஸ்கேலில் இல்லாத ஸ்வரத்தில் இறங்கி நிற்கும். அலைந்து திரியும் நடுப்பகுதி, மெட்டுகளை அறிமுகம் செய்யும் பகுதியைவிட நீளம். வீடு திரும்பும் நேரத்தில் ஹார்ன் மட்டும் முந்திக்கொண்டு மெட்டை எடுத்துவிடும். ஒத்திகையில் அவருடைய மாணவர் ரீஸ் அதை வாசிப்பவரின் தவறு என்றே நினைத்து, திட்டு வாங்கினார்.

பிராம்ஸ் 1885-ல் தன் நான்காவது சிம்பொனியில் ரசிகரின் நினைவோடு விளையாடினார். அறிமுகப் பகுதியை மறுபடி வாசிப்பது பழைய வழக்கம். அவர் மறுபடி வாசிப்பதுபோலவே தொடங்கி, வேறு பாதையில் போய்விடுவார். விதி தெரிந்தவருக்குத்தான் அந்த ஏமாற்றம் கிடைக்கும். 1904-ல் அரங்கேறிய மாலரின் ஐந்தாவதில் முதல் மூவ்மென்ட்டே சாவு ஊர்வலம். தொடங்கிய சுருதியில் அந்த சிம்பொனி முடிவதில்லை. 1924-ல் சிபேலியஸின் ஏழாவது ஒரே மூவ்மென்ட். முதல் என்று தனியாக எதுவும் மிச்சமில்லை.

"கேக்க நல்லா இருந்தா போதாதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். மூன்று நிமிட மெட்டுக்குப் போதும். கால் மணி நேர மூவ்மென்ட்டில் மெட்டை மட்டும் தேடுபவர் நடுவில் களைத்துவிடுவார். விஷயம் நடப்பதோ அங்கேதான். மென்பொருளிலும் மாற்றுவது சுலபம், கலைத்ததைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்போதுதான் எழுதியவரின் திறமை தெரியும். 1976-ல் 'அன்னக்கிளி' தொடங்கி, இடையிசையில் எங்கோ போய்ப் பல்லவிக்குத் திரும்புவதை ராஜாவே நமக்குப் பழக்கியிருக்கிறார். அங்கே வார்த்தை நமக்கு வழிகாட்டும். சிம்பொனியில் அந்தத் துணை இல்லை. ஆகவே எத்தனை நல்ல மெட்டு என்று எண்ணுவதைவிட, திரும்பி வருவதை எப்படித் தவிர்க்க முடியாததாக்கினார் என்று கேட்பதே நியாயமான அளவுகோல்.

பழக ஒரு வழி உண்டு. எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியை இரண்டு கட்டையில் வைத்துவிட்டு ஹைடன் 104-ன் முதல் மூவ்மென்ட்டைப் போடுங்கள். விலகும்போது உறுத்தும், திரும்பும்போது சேரும். அந்த உறுத்தல் பிடிபட்டதும் பெட்டியை அணைத்துவிட்டு 'வேலியன்ட்' கேட்கலாம்.