வெபரின் முக்கோணமும் கிளியனூர் ரோடும்

ஆல்ஃபிரட் வெபர் 1909-ல் ஜெர்மனில் எழுதி, 1929-ல் இங்கிலீஷில் வந்த தொழிற்சாலை இட அமைவுப் புத்தகத்தைப் போன மாசம் ஒருவழியாகப் படித்து முடித்தேன். மூலப்பொருள் வரும் ஊர் இரண்டு, விற்கும் ஊர் ஒன்று. மொத்த டன்-கிலோமீட்டர் குறைய ஆலையை எங்கே வைக்கணும்? எடை இல்லாத வடிவத்தில் ஃபெர்மா 17-ஆம் நூற்றாண்டிலேயே கேட்ட கேள்விதான்.

வெபர் ஜெயிக்கிற இடம் கரும்பு. 100 கிலோ கரும்பில் 10 கிலோ சர்க்கரை வந்தாலே பெரிய விஷயம். மீதி 90 கிலோவை எதுக்கு லாரியில் சுத்தணும்? நெல்லிக்குப்பம், முண்டியம்பாக்கம் ஆலைகள் வயல் பக்கம் இருப்பது இதனால்தான். ஆனால் அவர் வரைபடத்தில் அரசாங்கம் கிடையாது. இங்கே இரண்டு சர்க்கரை ஆலைகளுக்கு நடுவே குறைந்தது 15 கி.மீ. வேணும்னு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையில் 2006-ல் திருத்தமே கொண்டுவந்தாங்க.

என் பெரிய சண்டை பாடப்புத்தகங்களோடு. இதே கேள்விக்கு 'ஈர்ப்பு மைய முறை' என்று எடையிட்ட சராசரியை விடையாகக் கொடுக்கிறார்கள். பி.இ.-யில் அதை எழுதி மார்க்கும் வாங்கினேன். தப்பு. சராசரி குறைப்பது தூரத்தின் வர்க்கத்தை. லாரிக்காரர் வாடகை கேட்பது தூரத்துக்கு.

எங்க ரோட்டிலேயே போட்டுப் பார்ப்போம். திண்டிவனம் 0, கிளியனூர் 18, பாண்டி 38 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சரக்கு முறையே 3, 1, 5 டன் (கற்பனை எண்கள்). சராசரி 23.1-ல் விழும், அங்கே வைத்தால் சுமார் 149 டன்-கி.மீ. பாண்டியிலேயே வைத்தால் 134. அதாவது 'விடை' 11 சதவீதம் அதிகச் செலவு! ஒரே ரோடு என்றால் பாதி எடை எந்த ஊரில் தாண்டுதோ அந்த ஊர்தான் விடை. அவ்வளவுதான்.

மூலைக்கு ஒன்றாக ஊர்கள் சிதறியிருந்தால், ஒவ்வொரு எடையையும் தூரத்தால் வகுத்து அதே சராசரியைத் திரும்பத் திரும்பப் போடணும். வைஸ்ஃபெல்ட் 1937-ல் சொன்ன வழி. பைத்தானில் பத்து வரி. (கணக்கு ஏதாவது ஊர் மேலேயே போய் நின்றால் பூஜ்ஜியத்தால் வகுக்க வரும். என் புரோகிராம் முதல் நாளே அப்படித்தான் படுத்துச்சு.)

சரி, அந்த 134 யாருடைய செலவு? வெபரின் ஆலைக்கு முதலாளி ஒருத்தர். எல்லா வாடகையும் ஒரே பையிலிருந்து போகும். கமிட்டிக்கு மல்லாட்டை மூட்டை கொண்டுபோறவருக்கு டெம்போ வாடகை அவர் பையிலிருந்து. கமிட்டியைப் பாண்டியில் வைத்தால் திண்டிவனத்துக்காரருக்கு 38 கி.மீ. கிளியனூரில் வைத்தால் மொத்தம் 154, ஆனால் யாருக்கும் 20-க்கு மேல் இல்லை. ஹகிமி 1964-ல் இந்த இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகவே எடுத்துக்கொண்டார். மொத்தச் செலவு ஒன்று, கடைசி ஆளின் தூரம் இன்னொன்று. எதைக் குறைக்கணும் என்பதைப் புரோகிராம் சொல்லாது. நான் கிளியனூர்க்காரன், என் ஓட்டு எங்கேன்னு கேட்கவே வேணாம்.

இரண்டு கூடம் வைக்கலாம் என்றால் திண்டிவனம், பாண்டி. கிளியனூரின் ஒரு டன் மட்டும் 18 கி.மீ. போகும், மொத்தமே 18. இரண்டாவது கூடம் கட்டும் செலவு இதில் சேரவில்லை. அதைச் சேர்த்து அடுத்த குறிப்பில் போடுகிறேன்.