கேள்விச் செல்வமும் நம் மேடைகளும்

கதையையும் கவிதையையும் நிறுத்துப் பார்க்கும் நாம், இரண்டு மணி நேரம் அமர்ந்து கேட்ட சொற்பொழிவை மட்டும் 'நன்றாக இருந்தது' என்னும் ஒரே தொடரால் வழியனுப்பி விடுகிறோம். மேடைப் பேச்சும் ஓர் இலக்கிய வகையே. அதற்கும் திறனாய்வு வேண்டும். மௌலா அலியிலும் அதனைச் சூழ்ந்த குடியிருப்புகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அத்திறனாய்வு பொழுதுபோக்கன்று, தேவையாகும். அத்தேவை யாதெனக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருக்குறளில் கல்வி நாற்பதாம் அதிகாரம், கல்லாமை அதனை அடுத்தது, கேள்வி நாற்பத்திரண்டாவது, அதன் பின்னரே அறிவுடைமை வருகிறது. கல்லாமைக்கும் அறிவுடைமைக்கும் இடையே பாலமாக நிற்பது கேள்வி என்பதனை இவ்வைப்புமுறையே உணர்த்துகின்றது. கல்லாதவரும் கேட்டல் வேண்டும், தளர்ந்தபோது அஃது ஊன்றுகோலாகும் என்பது அவ்வதிகாரத்துள் அமைந்த கருத்து. நம் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். ரயில்வேயிலும், 1967-இல் தோன்றிய இ.சி.ஐ.எல். நிறுவனத்திலும், 1971-இல் அமைந்த அணு எரிபொருள் வளாகத்திலும், பிற மைய அரசு அலுவலகங்களிலும் பணிபுரிய வந்தோரின் மக்களும் பெயரரும் அவர்கள். அவர்கள் கல்லாதவர் அல்லர். பலரும் தமிழ் எழுத்தை மட்டும் கல்லாதவர். பள்ளியில் தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் பயிலும் அவர்களுக்குச் சங்கப் பாட்டும் கம்பனும் புகுவதற்குத் திறந்திருக்கும் வாயில் செவி ஒன்றே. இன்றைய தெலுங்கு வழக்கில் இல்லாத ழகரத்தைக்கூட அவர்கள் கேட்டே பெறுதல் வேண்டும். அவ்வாயிலில் நிற்பதே நம் மேடை.

அம்மேடையின் வரலாறு சிறியதன்று. மணிமேகலை பட்டிமண்டபத்தைக் குறிப்பிடுகின்றது. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் 1847-இல் தொடங்கிய பிரசங்கங்கள் தமிழ் உரைநடையையே மேடையேற்றின. கிறித்தவப் போதகர்களின் முறையை அருகிருந்து அறிந்தவர் அவர். அம்முறையைத் தம் சமயத்திற்கும் மொழிக்கும் ஏற்ப மாற்றினார். 1908-இல் தூத்துக்குடியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசிய பேச்சுகளுக்காக அரசு அவர்களைச் சிறையில் அடைத்தது. சா. கணேசன் 1939-இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகம் இலக்கியத்தை ஆயிரக்கணக்கானோர் செவிக்குக் கொண்டு சென்றது. இவற்றிலெல்லாம் பேசுவோர்க்கு ஒரு கருத்து இருந்தது. கேட்போர்க்கு அதில் ஒரு பங்கு இருந்தது.

இன்று நம் குடியிருப்புகளில் நிகழும் கூட்டங்களை இவ்வளவுகோலால் அளப்போம். வரவேற்புரை, தலைமையுரை, அறிமுகவுரை, பொன்னாடை, நினைவுப் பரிசு என்று ஒரு மணி நேரம் கழிகின்றது. சிறப்புரையாளர் எழும்போது குழந்தைகள் உறங்கி விடுகின்றனர். அவரும் தமிழ்நாட்டில் பேசிய பேச்சையே இங்கும் இறக்கி வைக்கின்றார். கேட்போர் மாறியிருப்பதனை அவர் கருதுவதில்லை. அவையறிதல் என்று ஓர் அதிகாரம் வகுத்தவரின் பெயரைச் சொல்லித் தொடங்கும் பேச்சு, அவையை அறியாமலே முடிகின்றது. அலுவலகக் கோப்புகளோடு காலம் கழிக்கும் நாம் இதனை எளிதில் உணரலாம்: பக்கம் பக்கமாகக் குறிப்பு நீளும், முடிவில் ஆணை ஒன்றும் இராது.

பட்டிமன்றத்தையும் நாம் வெறுக்கவில்லை. குன்றக்குடி அடிகளார் போன்றோர் அதனை நடத்தியபோது, இரு தரப்பாரும் நூலைப் பிரித்துக்காட்டி வாதிடும் களமாக அஃது இருந்தது. நூல் மறைந்து நகைச்சுவைத் துணுக்குகள் மட்டும் எஞ்சும்போதுதான் குறை கூறுகிறோம். சிரிப்பு விருந்தின் ஊறுகாய்; இலை முழுவதும் ஊறுகாயே இருந்தால் பசி ஆறுமோ?

நாம் வாழும் இந்நகரமே நமக்குப் பாடம் சொல்லவல்லது. இங்குள்ள உருது முஷாயிராவில் கேட்போர் வாளா இருப்பதில்லை; நல்ல அடி வந்தால் வியந்து குரலெழுப்புவர்; 'முகர்ரர்' என்று கூறி மீண்டும் சொல்லச் செய்வர். தெலுங்கு அஷ்டாவதானத்தில் எண்மர் எதிரிருந்து வினவுவர். அவருள் ஒருவருக்கு, தொடர்பில்லாத பேச்சைப் பேசிக் கவனத்தைக் கலைப்பதே பணி. நம் கூட்டங்களிலோ அப்பணியைப் பலரும் விரும்பி ஏற்றுக் கொள்கின்றனர்! தமிழுக்கும் இக்கலை புதிதன்று. செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு வகை வினாக்களை ஏற்றுச் சதாவதானம் நிகழ்த்தினார். வினவும் அவை இருந்தமையால் அன்றோ அவர் புலமை விளங்கிற்று?

ஆகவே குறை பேச்சாளர்மேல் மட்டும் இல்லை. நன்னூல் மாணாக்கரை வகைப்படுத்துங்கால் அன்னத்தையும் ஆவையும் தலையாகவும், மண்ணையும் கிளியையும் இடையாகவும், ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றைக் கடையாகவும் உவமிக்கின்றது. நெய்யரி தெளிந்த நெய்யைக் கீழே விட்டுக் கசடைத் தன்னிடம் வைத்துக் கொள்வது. கூட்டம் முடிந்து வீடு திரும்பும்போது பேச்சாளர் சொன்ன துணுக்கு மட்டும் நினைவிருந்து, அவர் விளக்கிய பாட்டு மறந்திருப்பின், நாம் எவ்வகையினர் என்பதனை நாமே தேர்ந்து கொள்ளலாம்.

'இப்போது எல்லாப் பேச்சும் கைப்பேசியிலே கிடைக்கின்றதே, கூட்டம் எதற்கு?' என்பர் சிலர். பதிவு செய்த பேச்சு நல்ல துணையே. ஆயினும் அஃது நம் பிள்ளையின் முகக் குறிப்பைக் கண்டு, புரியாத சொல்லை மீண்டும் விளக்காது. எதிரே அமர்ந்திருப்பவரை நோக்கிப் பேசுதலே மேடைக்குரிய தனிச் சிறப்பு. அச்சிறப்பினை இழந்த மேடை வெறும் பதிவுக்கும் கீழானது.

எனவே நாம் வேண்டுவன சில. முன்னுரைகள் பத்து நிமிடத்துள் முடிதல் வேண்டும். பேச்சாளர் ஒரு பாட்டையோ ஒரு காட்சியையோ மட்டும் எடுத்துக் கொண்டு, ரசிகமணி டி.கே.சி. தம் வட்டத்தொட்டி நண்பர்களுக்குக் காட்டியதுபோல, அதனைப் பன்முறை படித்துக் காட்டிச் சுவையை உணர்த்துதல் வேண்டும். அப்பாட்டு தமிழ் எழுத்திலும் தெலுங்கு எழுத்திலும் அச்சிட்டு முன்வரிசைப் பிள்ளைகளின் கையில் தரப்பெறுதல் வேண்டும். இறுதியில் வினவுதற்குக் கால் மணி நேரம் வேண்டும். முதல் வினா ஒரு சிறுவனுடையதாகவோ சிறுமியுடையதாகவோ இருத்தல் நன்று.

இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை. ஒரு பொன்னாடையின் விலையில் நூறு தாள் அச்சிடலாம். அத்தாளைக் கையிற்கொண்டு ஒரு குழந்தை ஒரே ஒரு பாட்டினைப் பொருளுணர்ந்து சொல்லுமாயின், அன்றைய கூட்டம் வெற்றி பெற்றது என்று தயங்காது எழுதலாம்.