சிவப்புப் பாய் ஏறுமுன்

1963-இல் லண்டன் படகுக் கண்காட்சியில் அறிமுகமான 'மிரர்' படகுக்கு டெய்லி மிரர் நாளிதழின் பெயர். ஜாக் ஹோல்ட்டும், தொலைக்காட்சியில் வீட்டு மராமத்து சொல்லித்தந்த பாரி பக்னெலும் வடிவமைத்தது. பிளைவுட் பலகைகளைச் செப்புக்கம்பியால் தைத்து, தையல்மேல் கண்ணாடியிழை நாடாவைப் பிசின் தடவி ஒட்டினால் பதினோரு அடிக்குச் சற்றுக் குறைவான படகு தயார். இப்படி 70,000-க்கும் மேல் பிறந்தன.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிந்தைய வேலை. வார்னிஷ் காய்ந்ததும் குட்டைப் பாய்மரத்தை நிறுத்தி, அணியத்துக்கும் இரு பக்கங்களுக்கும் கம்பி இழுத்துக் கட்டுவார்கள். இன்னொரு கழி பாயோடு மேலேறி மரத்தை நீட்டிவிடும். கழற்றினால் எல்லாக் கழியும் படகுக்குள்ளேயே அடங்கும். என்ன சாமர்த்தியம்!

பிறகு சுக்கானைப் பின்பலகையில் மாட்டி, நடுப்பலகை அதன் பிளவில் சிக்காமல் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வார்னிஷ் ஒரு பூச்சு கூடினாலே முரண்டு பிடிக்கும். சிவப்புப் பாய் கண்ணைப் பறிக்கும். ஆனால் கை கடைசியாகத் தேடுவது காற்றறைகளின் சின்ன அடைப்பான்களை. அவற்றை மறந்தால் தண்ணீர் உள்ளே வந்துவிடும்.