தொண்ணூற்றாறில் அறுபது

ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி ஜூலா தகாட்சி 1951-ஆம் ஆண்டில் இன்புளுவென்சா ஆராய்ச்சிக்கெனப் பிளாஸ்டிக் பலகையில் குழிகள் குடைந்து செய்த சாதனம், பின்னாளில் 8 வரிசைகளில் வரிசைக்கு 12 குழி வீதம் 96 குழிகள் கொண்ட சிறு தட்டாக உருப்பெற்று, இன்று பாக்டீரியாக்களின் வளர்ச்சி வேகத்தை அளக்கும் சோதனைச்சாலைகளில் குடுவையின் ஸ்தானத்தை ஏறக்குறையப் பிடித்துக்கொண்டுவிட்டது. மணிக்கு மூன்று தரம் குடுவையிலிருந்து மாதிரி எடுத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருந்த சிரமம் ஒழிந்து, குழிகளினூடே ஒளி பாய்ச்சிக் கலங்கலை அளக்கும் கருவியால் மறுநாள் காலையில் 96 வளர்ச்சி வளைகோடுகள் தயாராயிருப்பது சாமானிய லாபமன்று. ஆனால் எந்தத் தட்டு என்ற கேள்வியைப் பலர் விலைப்பட்டியலின் பொறுப்பிலேயே விட்டுவிடுகிறார்கள். அதுதான் என் ஆக்ஷேபம்.

தட்டின்மேல் வழக்கமாகச் சுமத்தப்படும் குற்றம், அதில் ஒளி கடக்கும் தூரம் கியூவெட் என்னும் அளவுக் குப்பியில் உள்ளதுபோல் ஒரு சென்டிமீட்டராக இல்லாமல், ஊற்றிய திரவத்தின் அளவுக்கேற்ப மாறுகிறது என்பது. இக்குற்றச்சாட்டில் உண்மை உண்டு, பலம் இல்லை. வளர்ச்சி வேகமென்பது கலங்கலின் மடக்கை எவ்வளவு சரிவாக ஏறுகிறது என்பதேயாகையால், எல்லா அளவீட்டையும் ஒரே விகிதத்தில் குறைக்கும் பிழை அச்சரிவைத் தொடுவதில்லை. கூட்டலாக வந்து சேரும் பிழையோ வேறு ஜாதி. கிருமிகளின் கலங்கல் 0.02-இலிருந்து 0.04-ஆக இரட்டிக்கும்போது, தட்டும் போஷணைத் திரவமும் தரும் வெற்று அளவில் 0.02 கழிபடாமல் நின்றுவிட்டால், கருவி 0.04 என்றும் 0.06 என்றும் காட்டும். இரட்டித்த கூட்டம் ஒன்றரை மடங்கானதாகவே தோன்றும். ஆகவே, அடிப்பாகம் தெளிவாகவும் குழிக்குக் குழி வேறுபடாமலும் உள்ள தட்டுக்குச் சற்று அதிக விலை கொடுப்பது வீண்செலவன்று.

இதனினும் விஷமமானவை, நேரம் செல்லச்செல்ல வளரும் பிழைகள். உயிரணுக்கள் பற்றி வளர்வதற்கென மேற்பரப்பு பதப்படுத்தப்பட்ட தட்டுகள், பக்கத்து அறை அலமாரியில் சுலபமாகக் கிடைக்கின்றன என்ற ஒரே காரணத்தால் பாக்டீரியா வேலைக்கும் வந்துவிடுகின்றன. நீரை விரும்பும் அந்தச் சுவரில் திரவம் விளிம்போரம் ஏறி நடுவில் குழிகிறது, ஒட்டும் சுபாவமுள்ள கிருமிகளுக்கும் அது வசதியாகிவிடுகிறது. (சுவரில் ஒட்டும் கிருமிப் படலத்தை ஊதாச் சாயமேற்றி அளப்பதற்கு இதே 96 குழித் தட்டுதான் பிரசித்தம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.) உருண்டை அடியுள்ள தட்டில் கிருமிகள் நடுப்புள்ளியில் வந்து படிய, ஒளிக்கதிரும் அங்கேயே செல்வதால், வளராத வளர்ச்சியெல்லாம் தென்படும். மூடி போட்டால் பனிக்கிறது. டிரைட்டான் என்னும் சவர்க்காரப் பொருள் கலந்த ஆல்கஹாலை அதன் உட்புறத்தில் தடவி உலர்த்தினால் இத்தொல்லை பெரும்பாலும் தீரும். ஒட்டுத்தாளால் இறுக மூடினால் ஆவியாவது நிற்கும், ஆனால் காற்றும் குறையும்.

காற்று விஷயத்தில்தான் இத்தட்டு மெய்யாகவே தோற்கிறது. ஒடுங்கிய குழியில் பரப்பு இழுவிசை திரவத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்வதால், கருவி எவ்வளவு குலுக்கினாலும் குடுவையில் கிடைக்கும் பிராணவாயு கிட்டுவதில்லை. 384 குழித் தட்டில் நிலைமை இன்னும் மோசம். அடர்ந்த வளர்ச்சியின் இறுதி அளவையும் ஆராய வேண்டியவர்கள் 24 அல்லது 48 குழித் தட்டுக்குச் செல்வதே நியாயம். கறுப்புச் சுவர்த் தட்டு ஒளிரும் புரதங்களை அளப்போருக்குரியது; வெறும் கலங்கலுக்கு அது அனாவசியம்.

ஈ. கோலை போன்ற சாதாரணக் கிருமியின் ஆரம்பகால வேகத்தை அறிவதற்கு, பதப்படுத்தப்படாத, தட்டை அடியுள்ள, தெளிந்த பாலிஸ்டைரீன் தட்டே போதுமென்பது என் தீர்ப்பு. ஓரத்துக் குழிகள் முதலில் வற்றுமாதலால் அவை 36-இலும் வெறும் நீரை ஊற்றிவிட்டு, உள்ளே மிஞ்சும் 60 குழிகளையே பரிசோதனைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். முடிவுகளைப் பிரசுரிப்போர் தட்டின் அடி வடிவம், மேற்பரப்பு, மூடி, ஊற்றிய அளவு ஆகிய நான்கையும் கட்டுரையிலேயே குறித்துவிடுவார்களானால், பிறர் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்து பார்க்க முடியும்.